தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு ஒதுக்கிய இருக்கைகள்

டிக்கெட் வேலையில் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். எல்லோருக்கும் கொடுக்க இடம் இருக்கிற நாளில் நம்மை யாருக்கும் தெரியாது. இடம் பத்தாத நாளில் ஊரே நம் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும்.

நான் ஆக்லாந்தில் ஒரு கால்பந்து கிளப்பின் டிக்கெட் பிரிவில் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். வீடு தகனினியில், ஆபீஸ் ஆல்பனியில். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. மோட்டார்வேயில் வண்டிகள் ஊர்ந்து நகரும்போதுதான் அன்றன்றைய பிரச்சினைகளை மனதுக்குள் பேசித் தீர்ப்பேன். இப்போது நம் பிள்ளைகள் சிலர் கிளப்புகளிலும் ஸ்டேடியங்களிலும் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். உங்களில் ஒருவர் போன மாதம் போன் செய்து, "அக்கா, சீட் கம்மியா இருக்கும்போது யாருக்குக் கொடுக்கிறதுதான் நியாயம்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டார். அப்போது எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான், நான் சொன்னது பதிலே இல்லை என்று உறைத்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மென்பொருளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர எதுவுமில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி.

வெளியூர் ஆட்டம் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எதிரணியின் மைதானத்தில் ஒரு மூலையை நம் ரசிகர்களுக்கு விடுவார்கள். மூலை சிறியது, கேட்பவர்கள் அதிகம். யாருக்கு முதலில் கொடுப்பது? எங்களிடம் புள்ளி முறை இருந்தது. அந்தந்த சீசனில் ஆக்லாந்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தால் உறுப்பினருக்கு ஒரு புள்ளி. புள்ளி அதிகம் உள்ளவருக்கு வெளியூர் டிக்கெட்டில் முன்னுரிமை. மழையிலும் குளிரிலும் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் வந்து உட்கார்ந்தவனுக்கு முதல் மரியாதை. இதைவிட நேர்மையான விதி இருக்க முடியாது என்று நானே எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

அந்த சீசனில் ஒரு வெளியூர் ஆட்டத்தைக் கிறைஸ்ட்சர்ச்சில் வைத்தார்கள். ஆக்லாந்து வட தீவில் இருக்கிறது. கடல் தாண்டிய தென் தீவில் எங்கள் அணி ஆடும் ஒரே ஆட்டம் அதுதான். மைதானமும் சின்னது. அறிவிப்பு வந்த மறுநாள் காலை எனக்கு ஒரு போன்.

"அக்கா, நான் ஜோசபின். கோர்ல இருந்து பேசுறேன்."

ஜோசபினைக் குரலாக மட்டும் எனக்குத் தெரியும். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். நர்ஸ். நியூசிலாந்துக்கு வந்த புதிதில் மனுகாவ் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தவள். பிறகு கோரில் உள்ள முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது, விசாவுக்கும் அதுதான் வழி என்று தெற்கே போய்விட்டாள். கோர் என்பது தென் தீவின் அடிக்கோடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே அவளைப் போலவே ஆக்லாந்தில் இருந்துவிட்டு வேலைக்காகப் போனவர்கள் சிலரும் அவளும் சேர்ந்து, சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில் திரை கட்டி ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்ப்பார்கள். நர்ஸுகள், மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறவர்கள், ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார ஆசிரியர். ஸ்டேடியத்துக்கு வரவே முடியாது என்று தெரிந்தும் எல்லோரும் வருடாவருடம் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிப்பார்கள்.

"சொல்லும்மா" என்றேன்.

"கிறைஸ்ட்சர்ச் மேட்ச்சுக்கு எங்களுக்கு டிக்கெட் கிடைக்குமா அக்கா? பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கோம். வேன் எடுத்துக்கிட்டு வந்துருவோம்."

விதி என் நாக்கு நுனியில் இருந்தது. புள்ளி எவ்வளவு என்று பார்த்தேன். அவளுக்குப் பூஜ்யம். அவளோடு இருந்த அத்தனை பேருக்கும் பூஜ்யம்.

"புள்ளி இல்லையேம்மா" என்றேன்.

 அவள் கோபமே இல்லாமல் சொன்னாள். "ஆக்லாந்து மேட்ச்சுக்கு வந்தாத்தான் புள்ளி. புள்ளி இருந்தாத்தான் எங்க பக்கத்துல நடக்குற மேட்ச். அப்போ நாங்க எந்த மேட்ச்சுக்குத்தான் வர்றது அக்கா? நாங்க கிளப்பை விட்டுப் போகல லா. வேலைக்குப் போனோம்."

அன்று சாயங்காலம் துறைமுகப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை அதே கேள்விதான். எங்களுக்கு அது வெளியூர் ஆட்டம். அவளுக்கோ வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற சொந்த ஊர் ஆட்டம். யார் விசுவாசமானவர் என்று நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். எங்கள் அளவுகோல் அளந்தது என்னவோ யார் பக்கத்தில் குடியிருக்கிறார் என்பதைத்தான். இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மூலையில் உள்ள இருக்கைகளில் ஒரு பகுதியை ஆக்லாந்துக்கு வெளியே வசிக்கும் உறுப்பினர்களுக்கு ஒதுக்கலாம் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், ஆனால் சத்தத்துக்குப் பயப்படுவார். ரசிகர் குழுவைக் கூப்பிட்டுப் பேசு, அவர்கள் சரி என்றால் எனக்கும் சரி என்றார்.

ரசிகர் குழு என்றால் சிவநேசன் அண்ணைதான். யாழ்ப்பாணத்துக்காரர். மனுகாவில் ஒரு கல்வி நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வருட லீவு முழுவதையும் வெளியூர் ஆட்டங்களுக்கென்றே சேர்த்து வைப்பார். எங்கள் அணி எந்த ஊரில் ஆடினாலும் அந்த மூலையில் அவர் குரல் கேட்கும். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் பேனர்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கடைசியாக வெளியே வருவார். அவரை எனக்குப் பிடிக்கும். அவருக்கும் என்மேல் ஒரு தங்கைப் பாசம் உண்டு.

ஆல்பனி ஆபீஸின் கூட்ட அறையில் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"என்ன தங்கச்சி கதைக்கிறியள்? வருசம் முழுக்க நனைஞ்சு நனைஞ்சு வந்த சனத்துக்கு இடமில்லை எண்டு சொல்லிப்போட்டு, டிவியில பாத்தவைக்குக் குடுக்கப் போறியளோ?"

"அவங்களும் டிவியில பாக்கணும்னு ஆசைப்படலையே அண்ணை. அவங்க இருக்கிற இடம் அப்படி."

"ஓம், தூரம்தான். எனக்கு விளங்காமலில்லை. ஆனா என்ர பெடியள் எத்தினை பேர் வேலையை மாத்தி, ஷிஃப்டை மாத்தி வருகினம் தெரியுமோ? அதுக்கு ஒரு பெறுமதி இல்லையோ?"

அவர் சொன்னதும் சரிதான். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வேலையில் ஒரு பக்கம் நியாயமும் மறுபக்கம் அநியாயமும் வந்து நிற்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் நியாயம்தான் நிற்கும், இருக்கைதான் குறைவாக இருக்கும்.

கடைசியில் ஒரு சின்னப் பங்குக்கு ஒப்புக்கொண்டார்கள். அண்ணை கைதூக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை. வெளியே போகும்போது, "உங்கட மனசு நல்லதுதான். ஆனா சனம் அப்பிடி இல்லை, பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடியே நடந்தது. அறிவிப்பு வெளியானதும் ஆக்லாந்துக்காரர்கள் சிலர் திடீரென்று தென் தீவுக்குக் குடிமாறினார்கள். ஒருவர் மச்சான் வீட்டு முகவரி கொடுத்தார். இன்னொருவர் மகள் படிக்கும் ஹாஸ்டல் முகவரி. மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. இதைத் தடுக்க ஒரு நிபந்தனை போட்டோம். தூரத்துப் பங்கில் உள்ள டிக்கெட் மட்டும் போனுக்கு வராது. ஆட்டத்தன்று மைதான கேட்டில் நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கும்வரை வாங்காவிட்டால், வெளியே நிற்கும் மற்ற உறுப்பினர்களுக்குப் போய்விடும்.

அந்த நிபந்தனையைப் போட்டபோது அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுகூட நினைத்தோம். அந்த அறையில் இருந்த யாருமே கிறைஸ்ட்சர்ச்சுக்கு ரோட்டில் போகப் போகிறவர்கள் இல்லை. எங்களுக்கு அது ஒரு விமானம், ஒரு காபி.

ஆட்டத்துக்கு முந்தின நாளிலிருந்தே தென் தீவில் மழை. நான் காலையிலேயே போய் இறங்கிவிட்டேன். விருந்தாளி ரசிகர்களுக்கான கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடாரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்ற தூரத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். நெல்சனிலிருந்து ஒரு தம்பதி, டனீடனிலிருந்து மாணவர்கள். கோர்க்காரர்களின் கவர் மட்டும் என் கையில் இருந்தது.

மதியத்துக்கு மேல் ஜோசபின் கூப்பிட்டாள். பின்னால் வேனின் வைப்பர் சத்தம்.

"அக்கா, டிமரு தாண்டி ஆறு ரோட்டு மேல ஏறிடுச்சு. போலீஸ் அடைச்சிட்டாங்க. எல்லா வண்டியும் நிக்குது."

"திரும்பிடப் போறீங்களா?"

"அய்யோ இல்ல. ஜெரால்டைன் வழியா உள் ரோடு திறப்பாங்கன்னு சொல்றாங்க. திறந்ததும் வந்துருவோம். அந்தப் பக்கம் போன் எடுக்காதாம். அக்கா, எங்க சீட்டை மட்டும் வச்சிருங்க, ப்ளீஸ்."

"வச்சிருக்கேன். பாத்து வாங்க" என்றேன். அதுதான் அவள் குரலை அன்று நான் போனில் கேட்ட கடைசி முறை.

ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியது. கேட்டுக்கு வெளியே டிக்கெட் கிடைக்காத எங்கள் ஆட்கள் ஒரு சின்னக் கூட்டமாக நனைந்துகொண்டு நின்றார்கள். கிடைத்தால் கிடைக்கட்டும் என்று ஆக்லாந்திலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே சிவநேசன் அண்ணையைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். அவருக்குத்தான் புள்ளி அதிகம், டிக்கெட் இருந்ததே!

"ஏன் அண்ணை இங்க நிக்கிறீங்க?"

"டிரம் உள்ள போகவேணும் தங்கச்சி. அடிக்கிறவனுக்குக் கிடைக்கேல்லை. என்ரதை அவனுக்குக் குடுத்திட்டன்."

டிரம் அடிப்பவர் ஒரு சமோவாக்காரர், இரவு ஷிஃப்ட் வேலை, அதனால் புள்ளி குறைவு. என் ஒதுக்கீடு இல்லாமலிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும், அண்ணையும் உள்ளே இருந்திருப்பார். அண்ணை அதைச் சொல்லிக் காட்டவில்லை. மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். உள்ளே கூட்டம் கத்தியது. நிபந்தனைப்படி அந்தக் கவரை அந்த நிமிடமே நான் பிரித்திருக்க வேண்டும். நான் பிரிக்கவில்லை. ஜோசபினை அழைத்துப் பார்த்தேன், போகவில்லை. மீண்டும் அழைத்தேன், மீண்டும் அதேதான்.

வெளியே நின்ற ஒரு பெண் கேட்டாள், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏன் எங்களை நனைய வைக்கிறீர்கள் என்று. வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். எங்கே என்றாள். எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் ஆக்லாந்திலிருந்து கூப்பிட்டார். டிவியில் நம் மூலையில் காலி இருக்கைகள் பளிச்சென்று தெரிகின்றன, வெளியே நம் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள், என்ன நடக்கிறது என்றார். பாதி ஆட்டம் வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். அது உன் பொறுப்பு என்று வைத்துவிட்டார்.

பாதி ஆட்டம் முடிந்தது. ரோடு திறந்ததா என்றுகூடத் தெரியவில்லை. மைதானத்து ஊழியர் ஒருவர் வந்து, ஆற்றங்கரையில் இன்னும் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதாகச் சொன்னார். அவர் சொன்னது பெரிய ரோட்டை. நான் எல்லா ரோட்டையும் என்று எடுத்துக்கொண்டேன்.

கவரைப் பிரித்தேன். வெளியே நின்றவர்களுக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுத்தேன். அண்ணை கடைசியாகத்தான் வந்தார். "வரமாட்டினமோ?" என்று கேட்டார். "வழியில்லை போலிருக்கு அண்ணை" என்றேன். ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தெருமுனையில் ஒரு வெள்ளை வேன் திரும்பியது. பக்கமெல்லாம் சேறு. நிற்பதற்குள்ளேயே கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் இறங்கினார்கள். கழுத்தில் எங்கள் கிளப்பின் துண்டு, ஒருவர் கையில் சுருட்டிய பேனர். முன்னால் ஓடி வந்தவள் குட்டையாக இருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"அக்காவா? ஜோசபின்! உள் ரோடு திறந்துட்டாங்க! வந்துட்டோம்!"

 என் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது. அவளுடைய சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது, அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெளிய நனைஞ்சுக்கிட்டு நின்னவங்களுக்குக் கொடுத்துட்டேன்மா. இப்பத்தான். கொஞ்ச நேரம் முன்னாடி."

அவள் திரும்பித் தன் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த வயதான ஆசிரியர் மட்டும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, அப்படியா, அப்படியா என்று இரண்டு முறை சொன்னார்.

மைதானத்து மேற்பார்வையாளரிடம் ஓடினேன். நின்றாவது பார்க்க விடுங்கள் என்று கேட்டேன். மைதானம் நிரம்பிவிட்டது, பாதுகாப்பு விதி, ஒரு ஆள்கூட முடியாது என்றார். அவர்மேல் தப்பில்லை. திரும்பி வந்து ஜோசபினிடம், "உள்ள போய்ச் சொல்றேன். உங்க சீட்டுல இருக்கிறவங்கள எழுந்து வரச் சொல்றேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அக்கா. அவங்களும் நனைஞ்சுதான் நின்னாங்கன்னு சொல்றீங்க. உள்ள போனவங்களை இழுத்துட்டு வர வேணாம்."

எல்லோரும் மதில் ஓரமாகக் கூரை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒதுங்கினார்கள். நானும் அவர்களோடு நின்றேன். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி எனக்கும் ஒரு கப் கொடுத்தார்கள். யாரோ போனில் ஆட்டத்தைப் போட்டார்கள், ஆனால் போனில் வருவது நிஜத்தைவிடச் சற்றுத் தாமதமாக வரும் இல்லையா, மதிலுக்கு அப்பால் முதலில் சத்தம் கேட்கும், அப்புறம்தான் திரையில் பந்து நகரும். எரிச்சலாகி அதை அணைத்துவிட்டார்கள். வெறும் காதால் கேட்க ஆரம்பித்தோம்.

ஆட்டம் முடியப் போகிற சமயம். உள்ளே திடீரென்று மைதானம் முழுக்க ஒரு நொடி அமைதி. பிறகு மதிலுக்கு நேர் பின்னாலிருந்து, மிக அருகில், ஒரு சின்னக் கூட்டத்தின் பெரிய கத்தல். டிரம் அதிர்ந்தது. அதற்கு மேலே கரகரவென்று சிவநேசன் அண்ணையின் குரல்.

"அது நம்ம ஆளுங்க!" என்று ஜோசபின் துள்ளினாள். "நம்ம கோல்! அக்கா, நம்ம சத்தம் அது!" அந்த ஆசிரியர் பேனரை அவிழ்த்து மதிலைப் பார்த்து விரித்துப் பிடித்தார். பால் பண்ணைப் பையன்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தெருவில் போன ஒரு கார் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. ஜோசபின் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மழைக்காகத்தான் துடைத்தாள் என்று நான் நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

ஆட்டம் முடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவளுக்கு டியூட்டி. உள் ரோட்டை மீண்டும் மூடிவிட்டால் வீடு போய்ச் சேர முடியாது.

பேனர்களைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணை கடைசியாக வெளியே வந்தார். வெற்றிக் களை. நான் சொன்னதும் பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"வந்தவையோ?"

"வந்தாங்க அண்ணை. இங்கதான் நின்னாங்க."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் எழும்பி வந்திருப்பனே."

அவர் வந்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக்லாந்து திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். காலி இருக்கைகள் டிவியில் தெரிந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. மழை நினைவில்லை. தூரத்துக்காரர்களுக்கு ஒதுக்கினால் நேரத்துக்கு வரமாட்டார்கள், இருக்கை வீணாகும், நம் ஆட்கள் வெளியே நிற்பார்கள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்தார்கள். ஒதுக்கீட்டை எடுத்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். நான் பேசினேன். ரோடு, ஆறு, போன் எடுக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே அது சாக்குப் போலக் கேட்டது.

அப்போது எழுந்தவர் சிவநேசன் அண்ணை. நான் எதிர்பார்க்கவில்லை.

"அவை வந்தவை" என்று ஆரம்பித்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். அவர் சொன்னதன் சாரம் இது. அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொந்தமில்லாத இருக்கை. என் பக்கத்துக்காரர்கள் போனில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு கடைசி நிமிடம் வரை பப்பில் இருந்துவிட்டு வந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. விடியுமுன் புறப்பட்டவர்களுக்குத்தான் கேட்டில் கடிகாரம் வைத்தோம். இந்த ஒதுக்கீட்டை நான் விரும்பியதில்லை, ஆனால் அதை எடுப்பதற்கு இது காரணமாக இருக்கக் கூடாது.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஒதுக்கீடு போய்விட்டது.

அண்ணை அதற்குப் பிறகும் ஆட்டங்களுக்கு வந்தார், ஆனால் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். என்னோடு பழையபடி பேசுவார். அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். எங்கள் அணி வென்ற ஆட்டங்களைக் கதைகதையாகச் சொல்கிறவர், அந்த வெற்றியை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

நான் ஓய்வு பெறும் முன் இன்னொரு முறை முயன்று பார்த்தேன். மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, இது ஏற்கனவே செய்து பார்த்துத் தோற்றதுதானே என்றார். ஒரு மழை நாளில் விழுந்ததை எழுப்ப எனக்கு அதற்கு மேல் பலமில்லை.

எங்கே தவறினேன் என்று மோட்டார்வேயில் நிறைய யோசித்திருக்கிறேன். இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பங்கு கொடுத்தோம், ஆனால் அந்தப் பங்கைக் கையில் வாங்குவதற்கான நிபந்தனையைப் பக்கத்தில் இருப்பவர்களின் வசதிப்படி வைத்தோம். ஏமாற்றியவர்கள் ஆக்லாந்துக்காரர்கள், அதற்கான கஷ்டம் மட்டும் கோர்க்காரர்களுக்கு. இன்னொன்று, அவசரத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பது, எல்லாவற்றையும் கொடுப்பது என்று இரண்டு வழிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பாதியைக் கொடுத்துப் பாதியை வைத்திருக்கலாம் என்பது, கவர் காலியான பிறகுதான் தோன்றியது. நெருக்கடியில் நிற்கும்போது மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று ஒரு மூச்சு விடும் நேரமாவது தேடுங்கள். கிடைக்காமல் போகலாம். தேடியிருந்தால் மனதுக்குச் சற்று ஆறுதலாவது மிஞ்சும்.

அந்தக் கூட்டம் நடந்து ஒரு வாரம் கழித்து, உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கும் சமயத்தில், ஜோசபின் ஆபீஸுக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்தாள். என் முட்டிவலியைப் பற்றிக்கூடக் கேட்டாள். பிறகு, இந்த முறை அவர்கள் யாரும் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொன்னாள். ஹாலில் பார்ப்பதை மட்டும் நிறுத்தமாட்டார்களாம்.

"என்மேல கோபமாம்மா?" என்று கேட்டேன்.

"உங்க மேல என்ன கோபம் அக்கா. நீங்க எங்களோட மழையில நின்னீங்க." பிறகு கேட்டாள். "மீட்டிங்ல நாங்க லேட்டா வந்தோம்னு சொன்னாங்களாமே?"

ஆமாம் என்றேன்.

"அது மட்டும்தான் கஷ்டமா இருக்கு. நாங்க லேட்டா வரல அக்கா. தூரத்துல இருந்து வந்தோம்."

கூட்டத்தன்று அந்த அறையில் நான் எவ்வளவோ பேசினேன். இந்த ஒரு வரிதான் எனக்கு வாயில் வரவில்லை.